மோதிரத்தின் உட்பக்கம்

நகைக்கடையின் முன்பக்கம் வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். நேராக ரிப்பேர் பெஞ்சைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் யாரையாவது பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் பேசாமல் பஸ் ஓட்டப் போயிருப்பேன்.

மஸ்கட்டில், ரூவி கடைத்தெருவில் எங்கள் கடை. முன்னால் ஏ.சி., கண்ணாடி, பளபளப்பு, சேல்ஸ்மேன் ஜோபி. ஜோபி திருச்சூர்க்காரர், எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். பின்னால் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை, அதில் நானும் தபன் தா என்கிற வங்காளிப் பத்தரும். நாங்கள் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. எனக்கு நாகர்கோவில் பக்கம். இங்கே எல்லாருக்கும் நான் 'பத்தரே'. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கம்மி. வாட்ச், செருப்பு, மிக்ஸி, எதையாவது ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும். புதுசு செய்கிறவனுக்கு 'ஆகா' கிடைக்கும். நமக்கு, 'இது என்னோடதுதானா?' என்கிற கேள்விதான் கிடைக்கும்.

பழக்க தோஷம்

அறுந்த தாலிச் செயினைச் சரிசெய்து திருப்பிக் கொடுக்கும்போது வாய்க்கு வந்த நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் பட்டறைப் பழக்கம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, கை நீளும்போதே வாய் திறந்துவிடும். "ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கம்மா." இந்து, கிறிஸ்தவர் எல்லாருக்கும் அதே வார்த்தைதான். இத்தனை வருஷத்தில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குளச்சல் பக்கத்துக் கடற்கரை. சிலுவை போட்ட தாலி, செயினில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. பத்து நிமிஷ வேலை. முடித்து, இரண்டு கையாலும் நீட்டி, நூறு வருஷத்தைச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. ஜோபி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் கண்ணைச் சிமிட்டினார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் அவரே சொன்னார். புருஷன் அருளப்பன், இங்கேயே கஃபீல் என்கிற அரபி முதலாளி ஒருவரின் லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிறவர். பதினோரு மாதத்துக்கு முன்னால் மூன்று பேரோடு போன லாஞ்சு திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வருஷம் திரும்புகிறது. ஊரில் பூசை வைத்துத் தாலியைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். "ஆளு வரல்லன்னு தெரியும்ணே. அவ்வளவுதானே தெரியும்? கழத்துன்னு எப்பிடிச் சொல்லுதாவ?" என்று கேட்டார். பழக்க தோஷம், மன்னிச்சுக்கம்மா என்று உளறினேன். நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிஸ்டர் செயினை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பரவாயில்லண்ணே, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, கடலுக்குக் கேக்கட்டும்."

கண்ணாடிக்கு அடியில் அழுக்கு

அதே வாரம் ஜோபி ஒரு பழைய மோதிரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு வெள்ளைக்கார மேடம், இங்கே ஸ்கூல் டீச்சர், விரலுக்குப் பத்தவில்லை, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். சீட்டில் எழுதியிருந்தது அவ்வளவுதான்: 'சைஸ்'. மெல்லிய தங்கம். சுற்றிலும் வெள்ளை எனாமல், பழசாகி மஞ்சள் பூத்திருந்தது. உச்சியில் பட்டாணி அளவு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் பழுப்பாகத் தேங்காய் நார் மாதிரி என்னவோ அடைந்துகிடந்தது.

எனாமல் உள்ள மோதிரத்தில் தீ வைப்பது கத்தி மேல் நடக்கிற வேலை. ஈரத்துணி சுற்றி, மூச்சை அடக்கி, ஒரு கீறல் விழாமல் பெரிதாக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? இவ்வளவு நல்ல மோதிரத்தை இப்படி அழுக்கோடு கொடுப்பதா என்று ஒரு வீறாப்பு. கண்ணாடியைப் பிடித்திருந்த தங்க விளிம்பை நோகாமல் நிமிர்த்தி, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்த நாரைச் சுரண்டித் தட்டிவிட்டேன். மெஷினில் போட்டு அலசி, கண்ணாடியைத் திரும்பப் பதித்தால், அடடா, பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இந்தக் கூடுதல் வேலைக்குக் கூலி வேண்டாம் என்று ஜோபியிடம் தாராளமாகச் சொல்லியும் அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து மேடம் வந்தார். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் முன்னால் போய் நின்றேன். அவர் மோதிரத்தை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி பிடித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கத்தவில்லை, சண்டை போடவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷுக்கே புரிகிற மாதிரி மெதுவாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"குழந்தை எங்கே?"

தூசி டப்பா

அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஜோபி வழியாகச் சொன்னார். அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் நினைவுக்கு மோதிரம் செய்வார்களாம். சாகப்போகிறவரே உயிலில் எழுதிவைப்பாராம், இன்னின்னாருக்கு என் பெயரால் ஒரு மோதிரம் என்று. பெரியவர்களுக்குக் கறுப்பு எனாமல். குழந்தைக்கும் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் வெள்ளை. உள்ளே பெயர், வயது, இறந்த நாள். கண்ணாடிக்கு அடியில் இறந்தவரின் முடி. இது இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாலு வயதில் போன பெண் குழந்தை. அந்தத் தாய் போட்டு, அவள் மகள் போட்டு, அப்படியே கைமாறி, போன மாதம் மேடத்தின் அம்மா இறந்ததும் இவருக்கு வந்திருக்கிறது. இருநூறு வருஷம் பத்திரமாக இருந்த குழந்தையை நான் ஒரே நாளில் தட்டிவிட்டேன்.

நம் பக்கம் சாவு விழுந்தால் நகையைக் கழற்றுகிறோம், முடியை மழிக்கிறோம். இரண்டையும் சேர்த்து விரலில் போட்டுக்கொள்வார்கள் என்று நான் கண்டேனா? ஆனால் ஒன்று. எங்கள் பட்டறையில் எதையும் வெளியே கொட்டுவதில்லை. தரையைக் கூட்டினாலும் பிரஷைத் தட்டினாலும் அந்தத் தூசி ஒரு டப்பாவில்தான் போய்ச் சேரும், அதில் அரம் ராவிய தங்கப் பொடி கலந்திருக்குமே! மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து டப்பாவை எடுத்துப்போய், எரித்து, சாம்பலிலிருந்து தங்கத்தைப் பிரித்துக் கொடுப்பார். அவர் மறுநாள் காலை வருவதாக இருந்தது. எரித்தால் தங்கம் மிஞ்சும், முடி மிஞ்சாது.

வெள்ளைக் காகிதத்தை விரித்துத் தூசியைக் கொட்டி, ஆளுக்கொரு சாமண இடுக்கியோடு நானும் தபன் தாவும் உட்கார்ந்தோம். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எத்தனை முடி! என் டை அடித்த முடி, தபன் தாவின் நரைத்த முடி, ஜோபியின் சுருட்டை, பனியன் நூல் எல்லாம் வந்தது. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினோம். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்துக்குத் தபன் தா, "பாய்! பாய்!" என்று கத்தினார். அவருடைய சாமண நுனியில், பூத்தொடுக்கும் நூல் கனத்தில் ஒரு பின்னல். பிசின் தடவிப் பின்னியிருந்ததால் பிரியவில்லை, ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் சிதைந்திருந்தது. தபன் தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன், வெட்கமென்ன.

மறுநாள் மேடம் வந்தபோது, யாருடைய கம்மலுக்கோ திருகு வாங்க ஸ்டெல்லா சிஸ்டரும் கவுண்டரில் நின்றிருந்தார். பின்னல் பழைய இடத்தில் இருந்தது. எங்கே தேடி எடுத்தோம் என்பதை ஜோபி சொல்லச் சொல்ல மேடம் அழுதுகொண்டே சிரித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்:

"தூசியைக்கூடத் தூக்கிப் போடாதவர் நீங்கள். இந்த மோதிரம் உங்களுக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும்."

தீப்பெட்டியில் அப்பா

இந்தக் கதை ஜோபி வாய் வழியாக ரூவி முழுக்கப் பரவிவிட்டது. விளைவு, செல்வராசு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒரு கட்டட சைட்டில் ஃபோர்மேன், குரல் மூன்று மாடிக்குக் கேட்கும். ஒரு தீப்பெட்டியைத் திறந்து என் பெஞ்சில் கவிழ்த்தார். தங்கப் பல் உறை ஒன்று விழுந்தது. அப்பாவுடையது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் கழன்று விழுந்ததாம், அண்ணன் பத்திரப்படுத்தி அனுப்பியிருக்கிறார். தன் பழைய மோதிரத்தோடு உருக்கிச் சேர்த்துத் தரணுமாம். தபன் தா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் எழுந்து போகத்தான் தோன்றியது. ஆனால் முந்தின வாரம் பட்ட பாட்டுக்குப் பிறகு எதையும் அழுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்து கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்து நின்றார், மோதிரத்தைக் கழற்றித் தரச் சொல்லி. விரல் வீங்கிவிட்டதா என்று பார்த்தேன். விரல் நன்றாகத்தான் இருந்தது, தன் கையால் கழற்றத்தான் மனசு வரவில்லையாம். அப்புறம் என்னவாம்? மூன்று மாடி ஆசாமி என் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்:

"எங்கப்பாவுக்கு வாயத் தொறந்தா வசவுதான் பத்தரே. இப்ப நான் லேபரைத் திட்டக் கைய ஓங்குனா மோதிரம் கண்ணுல படுது, அவரு மாதிரியே திட்டுறோமேன்னு வெக்கமாப் போயிருது, சைட்ல வேலையே ஓடல!"

சீப்பு

கம்மல் திருகு வாங்க வந்த அன்று ஸ்டெல்லா சிஸ்டர் மேடத்தின் மோதிரத்தை என் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "முடி கெட்டுப் போவாதாண்ணே?" என்று மட்டும் கேட்டார். இருநூறு வருஷமாகக் கெடவில்லையே என்றேன். பத்து நாள் கழித்து, டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கவருக்குள் ஒரு ஆண்பிள்ளைச் சீப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை ரூமுக்கு வருவாராம் அருளப்பன், குளித்துத் தலை வாரிவிட்டு அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாராம். சீப்பைக் கழுவி வைக்கத் தெரியாதா என்று அதற்காகவே வரும்போதெல்லாம் சண்டை நடக்குமாம். கடைசித் தடவை வைத்துவிட்டுப் போனபோது எரிச்சலில் இவரும் கழுவாமல் விட்டுவிட்டார். பல்லுக்குப் பல் நாலைந்து முடி சுற்றிக்கிடந்தது.

அடுத்த வாரம் லீவில் போகிறார். பூசைக்கு மறுநாள் கழுத்து வெறும் கழுத்தாகிவிடும். "கழத்தினா, அவரு இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆவும். கழத்தாட்டா மாமியாரு சோறு இறங்காம கெடக்காவ. பெத்தவளுக்கு அழுது தீக்கணும்ல, அவியளையும் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். தாலி போகிற இடத்துக்குப் பதிலாகக் கையில் ஒன்று இருந்தால் ஊருக்குப் போகத் தைரியம் வரும். டியூட்டியில் கல் வைத்த மோதிரம் போட விடமாட்டார்கள். வெறும் வளையம்தான், முடி உள்ளே இருக்கணும், வெளியே யாருக்கும் தெரியக் கூடாது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் தயங்கினேன். மேடத்தின் மோதிரத்தில் இருந்தது என்றைக்கோ யாரோ வைத்த முடி. என் கையாலேயே புதிதாக ஒன்றை வைப்பது வேறு. தங்கம் அடிக்கிற பட்டடைக் கல், வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற கல். எத்தனை வருஷம் ஆனாலும் ஊரில் ஊறிய பயம் போகிறதா? "இறந்தவங்க முடிய பட்டறையில ஏத்துற வழக்கம் இல்லையேம்மா" என்று இழுத்தேன். சிஸ்டர் கோபப்படவில்லை. சீப்பைக் கவரோடு என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்:

"இறந்துட்டாருன்னு யாருண்ணே உங்ககிட்டச் சொன்னது?"

தேதி

அதற்கு மேல் என்ன பேச்சு! அவர் கழுத்துச் செயினிலிருந்தே ஆறு கண்ணியைக் கழற்றிக் கொடுத்தார். அதை உருக்கி, இன்னும் கொஞ்சம் தங்கம் சேர்த்து, தட்டையான வளையம் அடித்தேன். வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டினேன். முடியை வாய்க்காலில் வைத்து, மேலே மெல்லிய தங்கத் தகட்டால் மூட வேண்டும். இங்கேதான் சிக்கல். மூடுவதென்றால் தீ வைத்துப் பற்றவைக்க வேண்டும். தீ வைத்தால் முடி கருகிவிடும். இருப்பதே நாலைந்து முடி, இன்னொரு தடவை கேட்டால் அருளப்பன் வந்து தலை வாரிவிட்டுப் போவாரா?

ஒரு முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் மேடத்தின் மோதிரம் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துப் பத்தர் கண்ணாடியைச் சுற்றித் தீயே வைக்கவில்லை. விளிம்பைக் குளிர்ந்த தங்கமாகவே தேய்த்துத் தேய்த்து மடக்கியிருந்தார். நிமிர்த்தியதும் நான், திரும்ப மடக்கியதும் நான், என் விரலுக்கு அது தெரியும். தெரியாமல் கெடுத்த வேலை கற்றுக்கொடுத்த வேலையாகிவிட்டது. தபன் தா லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு முடியை ஒவ்வொன்றாக வாய்க்காலில் படுக்க வைத்தார். நான் மூச்சு விடாமல் தகட்டை வைத்து விளிம்பைத் தேய்த்தேன். ஒரு முடிகூட வீணாகவில்லை. வளையத்தின் உள்பக்கம் நகத்தால் தடவினாலும் தட்டுப்படாது.

லீவுக்கு முந்தின நாள் சிஸ்டர் வந்தார். மூடின தகட்டின் மேல் பெயர் வெட்டியிருந்தேன். அருளப்பன். மேடத்தின் மோதிரத்தில் பார்த்தபடி பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாளும் வர வேண்டும். அதை வெட்டாமல் வைத்திருந்தேன், கேட்கவும் பயம். ஜோபி வேண்டுமென்றே வெளியே போய் நின்றுகொண்டார், தபன் தா குனிந்த தலை நிமிரவில்லை, எல்லாம் என் தலையில். "தேதின்னு ஒண்ணு போடுறது உண்டு சிஸ்டர். போடணுமா, வேண்டாமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன். அவர் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. பிறகு நர்ஸுகள் ஊசி போடும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி பெயருக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்:

"இங்க லாஞ்சு போன தேதியப் போடுங்கண்ணே. மிச்சத்துல ஒண்ணும் வெட்டாண்டாம், வந்த தேதிக்கு எடம் வேணும்."

கேட்காத வேலையையும் ஓசி வேலையையும் தொடுவதில்லை என்று அந்த வெள்ளை மோதிரத்தோடு போட்ட சபதத்தை நான் இன்றுவரை மீறியதில்லை, ஆனால் அந்தப் பாதி வளையத்தில் ஒரே ஒரு தேதி வெட்டும் வேலை மட்டும் என்றைக்காவது வாசலில் வந்து நின்றால், கூலியே வேண்டாம், அந்தப் பாழாய்ப்போன சபதம் அன்றைக்கே உடைந்து தொலையட்டும்.